கையில் இருக்கும் போனே போதும்: கைபேசி ஊடகக் கூடல் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கைபேசியில் படம் எடுப்பவர்கள், குரலில் கதை சொல்பவர்கள், ஒரு கோரிக்கைக்காக ஆட்களைத் திரட்டுபவர்கள் எல்லோரையும் ஒரு நாள் ஒரே அறையில் உட்கார வைத்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? நான்கு பேர் மேடையில் பேசுகிறார்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள், மாலையில் குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். இந்த வழிகாட்டி வேறு மாதிரியான கூடலுக்கானது. வருகிற ஒவ்வொருவரும் தன் கையால் எதையாவது செய்து முடித்துவிட்டுப் போக வேண்டும்.

நான் முதன்முதலில் ஒருங்கிணைத்த கூடலில் நாள் முழுவதையும் புதிய செயலிகளை வைத்தே திட்டமிட்டிருந்தேன். வந்தவர்களில் மூன்று பேரிடம் பட்டன் போன்தான் இருந்தது. அவர்களில் ஒரு அம்மா, குடியிருப்புப் போராட்டங்களில் பல வருடம் நின்றவர். மதியம் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் "எனக்கு இங்க வேலை இல்லப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆட்களைத் திரட்டுவது பற்றி அந்த அறையில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவர் எழுந்து போனது என்னை வெகுநாள் உறுத்தியது. அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு விதி: அறைக்குள் வரும் போன்களில் மிக எளியது எதுவோ, அதை வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த விதியிலிருந்து வந்தவை.

படி 1: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"கைபேசியும் சமூக மாற்றமும்" என்று தலைப்பு வைத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாருக்கும் வேலை இருக்காது. வேலை கொடுக்கும் கேள்வியாக எடுங்கள். "எங்கள் பகுதியில் தண்ணீர் வராத நாட்களை நாங்களே எப்படிப் பதிவு செய்வது?" என்பது அப்படி ஒரு கேள்வி. "இடிக்கப்படப்போகும் குடியிருப்பின் நினைவுகளை, அங்கே வாழ்ந்தவர்களின் குரலிலேயே எப்படிச் சேர்த்து வைப்பது?" என்பது இன்னொன்று. முதலாவது போராட்டக்காரரின் கேள்வி, இரண்டாவது கலைஞரின் கேள்வி. இரண்டு வகையினரையும் சேர்த்தே கூப்பிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் கைபேசியின் வரலாற்றில் இவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

2001-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவில், கோலன் லெவின் என்ற கலைஞரும் அவர் குழுவும் பார்வையாளர்களின் கைபேசிகளையே இசைக்கருவிகளாக்கினார்கள். யார் எந்த இருக்கை என்பதைப் பதிவு செய்து, ரிங்டோன்களை முன்பே ஏற்றி, நிகழ்ச்சியின்போது அந்த எண்களை அழைத்து அரங்கையே ஒலிக்கவைத்தார்கள். அதே 2001 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவில், ஜனாதிபதி எஸ்ட்ராடா மீதான பதவிநீக்க விசாரணை முடங்கிய இரவில், குறுஞ்செய்திகள் கைமாறிக் கைமாறிப் பரவி மக்களை எட்சா என்ற பெருஞ்சாலைக்குக் கொண்டுவந்தன. சில நாட்களில் அவர் பதவியை இழந்தார். ஒன்று இசை, மற்றது எழுச்சி. ஆனாலும் இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே யோசனைதான்: கூட்டத்தில் ஒவ்வொருவர் பையிலும் ஒரு கருவி இருக்கிறது, அத்தனையையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்ப முடியும்.

2003-இல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய ஒரு திட்டத்தில் தெருக்களில் காது வடிவப் பலகைகளை மாட்டி, அதில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிவைத்தார்கள். அங்கே நின்றபடி அந்த எண்ணை அழைத்தால், அந்த இடத்தில் நடந்த ஒரு கதையை அதை அனுபவித்தவரின் குரலில் கேட்கலாம். கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வன்முறை வெடித்தபோது, மக்கள் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் குறிக்க 2008 தொடக்கத்தில் உருவான தளத்துக்கு உஷாஹிதி என்று பெயர். ஸ்வாஹிலி மொழியில் 'சாட்சியம்' என்று பொருள். இடத்தையும் குரலையும் சேர்த்துக் கட்டுவது இரண்டிலும் நடந்தது. கூடலில் இந்த இரண்டு கூட்டத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், அடுத்தவருடைய உத்தி தனக்கும் பொருந்தும் என்பது தானாகவே தெரியவரும்.

படி 2: யார் வருகிறார்கள், எந்த போனோடு வருகிறார்கள்

25 முதல் 30 பேர் போதும். அதற்கு மேல் போனால் செய்முறை குறைந்து பேச்சு கூடிவிடும். மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் நேரடியாகப் போனில் அழையுங்கள். இணையப் படிவம் மட்டும் அனுப்பினால் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள்.

அழைப்பில் கேட்க வேண்டியவை சில: என்ன போன் வைத்திருக்கிறீர்கள், அது உங்களுடையதா அல்லது வீட்டில் பகிர்ந்து பயன்படுத்துவதா, டேட்டா எப்போதும் இருக்குமா, தமிழில் தட்டச்சு செய்வது சுலபமா அல்லது பேசி அனுப்புவதுதான் வழக்கமா, உங்கள் முகம் படத்தில் வருவதில் தயக்கம் உண்டா. வீட்டில் பகிர்ந்து பயன்படுத்தும் போன் என்றால் பெரும்பாலும் பெண்ணிடமிருந்துதான் அந்தப் பதில் வரும். அந்தப் போனில் அவர் எடுக்கும் படம், பதிவு செய்யும் குரல் எல்லாவற்றையும் வேறொருவர் பார்க்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். அவருக்கு மாற்றுப் போன் ஒன்றை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

படி 3: இடமும் மின்சாரமும்

தரைமட்டத்தில், சக்கர நாற்காலி நுழையக்கூடிய, ஒரு பெரிய அறையும் இரண்டு அமைதியான மூலைகளும் உள்ள இடமாகப் பாருங்கள். குரல் பதிவுக்கு அமைதி தேவை. மின்விசிறிச் சத்தம்கூடப் பதிவில் பூதாகரமாகக் கேட்கும்.

மின் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். காணொளி எடுக்கும்போது பேட்டரி வேகமாக இறங்கும், போன் சூடாகும். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருக்கும் பவர் பேங்க் மின்னழுத்தம் மாறும்போது இழப்பது போக ஏறக்குறைய 12,000 முதல் 13,000 வரைதான் கொடுக்கும். அதாவது 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை இரண்டரை முறை நிரப்பும். இதைக் கணக்கில் வைத்து ஏற்பாடு செய்யுங்கள். இணையத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றில் முப்பது பேர் ஒரே நேரத்தில் காணொளி ஏற்ற முயன்றால் யாருடையதும் ஏறாது.

சேமிப்பிடமும் அப்படித்தான். 1080பி தரத்தில் ஒரு நிமிடக் காணொளி ஏறக்குறைய 60 முதல் 130 மெகாபைட் வரை பிடிக்கும். இருபது பேர் தலா ஐந்து நிமிடம் எடுத்தால் 6 முதல் 13 ஜிகாபைட். ஒரு மடிக்கணினி, கார்டு ரீடர், பென் டிரைவை நேரடியாகப் போனில் இணைக்க உதவும் ஓடிஜி கேபிள்கள், இரண்டு பென் டிரைவ் ஆகியவை மேசையில் தயாராக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் காணொளி சுருங்கித் தரம் போய்விடும். மூலக்கோப்பு வேண்டுமென்றால் கேபிளில் எடுங்கள், இல்லையென்றால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: படம் எடுப்பதற்கு முன் ஒப்புதலும் பாதுகாப்பும்

இதை யாரும் கடைசியில் வைக்கக் கூடாது. காலையில் முதல் அரை மணி நேரம் இதற்கே போகட்டும்.

நுழையும்போது இரண்டு நிற நாடாக்களை வைத்திருங்கள். ஒன்று "என்னைப் படம் எடுக்கலாம்", இன்னொன்று "வேண்டாம்". நாடா அணியாதவரை 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நாடா கட்டிவிட்டால் ஒப்புதல் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எடுப்பதற்கு ஒப்புக்கொண்டவர் வெளியிட ஒப்புக்கொண்டதாக ஆகாது. "இதை உங்கள் முதலாளி பார்த்தால் பரவாயில்லையா? உங்களை எதிர்ப்பவர்கள் பார்த்தால்? ஐந்து வருடம் கழித்தும் இது இருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். சம்மதித்தவர் அந்தக் கேள்விகளுக்குப் பிறகு மனம் மாறினால் அது நல்ல விஷயம், உங்கள் கூடல் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். பின்னால் மறுக்கவும் உரிமை உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், யாரிடம் சொல்லி மறுப்பது என்பதையும் சேர்த்து.

அடுத்து, எல்லோரும் போனைக் கையில் எடுத்துச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள். திரைப்பூட்டு எண் குறைந்தது ஆறு இலக்கமாக இருக்கட்டும். போராட்டக் களத்துக்குப் போகும் நாளில் கைரேகையிலும் முகத்திலும் திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விரலைப் பிடித்து அழுத்தி போனைத் திறந்துவிட முடியும், மனதில் இருக்கும் எண்ணை அப்படி எடுக்க முடியாது. பூட்டிய திரையில் செய்திகள் தெரிவதையும் நிறுத்துங்கள்.

கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவு இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எப்போது, எந்த போனில் எடுத்தது என்ற விவரம் ஒட்டிக்கொண்டே போகும், இருப்பிடப் பதிவு இயங்கினால் எங்கே எடுத்தது என்பதும் சேர்ந்துவிடும். அந்த விவரத்துக்கு எக்ஸிஃப் என்று பெயர். ஒருவர் தன் வீட்டு வாசலில் எடுத்த படத்தைத் திரையில் காட்டி, அதற்குள் இருக்கும் இடக்குறிப்பு எண்களை வரைபடத்தில் போட்டுக் காட்டினால் அறை சட்டென்று அமைதியாகிவிடும். எந்த விளக்கவுரையும் இவ்வளவு புரியவைக்காது. (அவரிடம் முன்பே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் சொந்தப் படமாக இருந்தால் இன்னும் நல்லது.) இந்த விவரத்தை நீக்க எளிய வழி, படத்தைத் திரையில் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைப் பகிர்வது.

முகத்தை மறைக்க, சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலியில் 2020 ஜூன் முதல் ஒரு வசதி இருக்கிறது. ஆனால் லேசான மங்கலை நம்பாதீர்கள், முகத்தின் மேல் முழுக் கறுப்புக் கட்டம் போடுவதே உறுதியானது. உடை, பச்சை குத்தியது, நடை, குரல், பின்னால் தெரியும் கடைப் பெயர் இவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முதுகுப்புறமாகவோ கைகளை மட்டுமோ எடுத்தால் பிறகு மறைக்க வேண்டிய வேலையே வராது.

படி 5: நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே எழுதட்டும்

ஹாரிசன் ஓவன் என்பவர் 1980-களில் உருவாக்கிய, ஓப்பன் ஸ்பேஸ் என்ற கூட்டம் நடத்தும் முறையின் அடிப்படை எளியது. மாநாடுகளில் மிகச் சிறந்த பகுதி தேநீர் இடைவேளைதான் என்று கண்டவர், அந்த இடைவேளையைப் போலவே முழுக் கூட்டத்தையும் நடத்தலாமே என்று யோசித்தார். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய பார்கேம்ப் கூட்டங்கள் இதே வழியில் தொழில்நுட்பக்காரர்களிடையே பரவின.

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். இடப்பக்கம் நேரம், மேலே இடங்களின் பெயர். வட்டமாக உட்கார்ந்து, யாருக்கு எதைச் சொல்லித்தர விருப்பம், யாருக்கு எதைக் கற்றுக்கொள்ள விருப்பம் என்று கேட்டு, ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாய்விட்டுப் படித்து ஒட்ட வேண்டும். எழுத வராதவர் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிடுங்கள். பேச்சு அமர்வுக்கு 45 நிமிடம், செய்முறைக்கு 90 நிமிடம்.

ஓவன் வகுத்த "இரண்டு கால்களின் விதி"யையும் அறிவித்துவிடுங்கள்: நீங்கள் இருக்கும் அமர்வில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால், எழுந்து வேறு அமர்வுக்குப் போகலாம், யாரும் தவறாக நினைக்கக் கூடாது. ஆனால் நம் சூழலில் பெரியவர் பேசும்போது எழுந்து போக யாருக்கும் மனம் வராது. அதனால் பாதி நேரத்தில் ஒரு மணியடித்து "இப்போது இடம் மாறலாம்" என்று ஒருங்கிணைப்பாளரே சொல்லிவிடுவது நல்லது. எழுபது வயதுக்காரரின் கதைக்கு ஒருவர் மட்டும் மிஞ்சினாலும் அந்த அமர்வு நடக்கட்டும். அந்த ஒருவர்தான் அதற்கு வர வேண்டியவர்.

முதல் சீட்டை மட்டும் நீங்கள் முன்பே பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர் ஒருவர் அதை ஒட்டட்டும். அறையின் போக்கு அந்தச் சீட்டிலேயே அமைந்துவிடும்.

படி 6: செய்முறைகள்

இவற்றில் மூன்றோ நான்கோ போதும். நான்கைந்து பேர் சேர்ந்த குழுவாக, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு போன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் கைமாற வேண்டும். இல்லையென்றால் வேகமான ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார்.

எழுபது எழுத்தில் ஒரு அழைப்பு. இது எந்த போனிலும் நடக்கும், அதனால் இதையே முதலில் வையுங்கள். ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் அடித்தால் 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே கிடைக்கும். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "தண்ணீர் வரவில்லை" என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்து, இடைவெளியைச் சேர்த்து போன் எண்ணுவது 16. இந்த அளவுக்குள் என்ன, எங்கே, எப்போது, வருபவர் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் அடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் செய்தியை அடுத்த குழுவுக்கு அனுப்பி, பெற்றவர்கள் அதைப் படித்துவிட்டு என்ன புரிந்தது என்று சொல்லட்டும். சொல்லைச் சுருக்குவதில் ஒரு கவிஞருக்கு இருக்கும் பயிற்சியும், ஆளை வரவழைப்பதில் ஒரு சங்கத்துக்காரருக்கு இருக்கும் பயிற்சியும் இங்கே கைகோத்துக்கொள்ளும். இந்த ஒரு பயிற்சிக்காகவே நான் கூடல் நடத்துவேன்.

மிஸ்டு கால் வானொலி. 2010-இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா இதற்கு நல்ல முன்மாதிரி. இணையம் இல்லாத கிராமத்தினர் ஓர் எண்ணை அழைத்து, கோண்டி போன்ற தங்கள் மொழியிலேயே செய்தி பதிவு செய்வார்கள், மற்றவர்களின் செய்தியைக் கேட்பார்கள். பதிவானதை ஆட்கள் சரிபார்த்த பிறகே வெளியிடுவார்கள். உங்கள் அறையில் அதற்கான இயந்திரம் தேவையில்லை, ஆட்களை வைத்தே நடித்துப் பார்க்கலாம். ஒருவர் 'கணினி'யாக உட்காரட்டும். மிஸ்டு கால் வந்ததும் திருப்பி அழைத்து "பதிவு செய்ய ஒன்று, கேட்க இரண்டு" என்று சொல்லட்டும். இன்னொருவர் சரிபார்ப்பவர். வதந்தி ஒன்றை வேண்டுமென்றே உள்ளே அனுப்புங்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், யாரிடம் திருப்பிக் கேட்டார்கள் என்பதைச் சுற்றி நடக்கும் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

படமும் ஐந்து கேள்விகளும். 1990-களில் சீனாவின் யுன்னான் பகுதிக் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்தே அவர்களின் வாழ்க்கைப் பிரச்சினைகளைப் பேசவைத்தார்கள் கேரலைன் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும். அந்த முறைக்கு ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர். ஒவ்வொருவரும் வெளியே போய் ஒரே ஒரு படம் எடுத்து வரட்டும். படத்தைச் சுற்றி உட்கார்ந்து கேளுங்கள்: என்ன தெரிகிறது, உண்மையில் அங்கே என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, இது ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம். எடுத்தவர் கடைசியாகப் பேச வேண்டும். பட்டன் போனில் உள்ள மங்கலான கேமராவே இதற்குப் போதும். சில சமயம் அந்த மங்கல் படத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

சாட்சிக் காணொளி. இதற்கு மட்டும் கொஞ்சம் நல்ல போன் வேண்டும். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஏரோபிளேன் மோடில் போட்டு (நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம்), ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். முதலில் தேதியையும் இடத்தையும் மெதுவாகச் சொல்லுங்கள், சொல்வது உங்களுக்கு ஆபத்தில்லை என்றால் மட்டும். தெருப் பெயர், கட்டடம், கடிகாரம் போன்ற அடையாளங்கள் வரும்படி ஒரு முறை மெல்லச் சுற்றி எடுங்கள். அப்புறம் தூரம், நடு, அருகு என்று மூன்று நிலைகளில் நெருங்குங்கள். ஜூம் வேண்டாம், முடிந்தால் நடந்து போங்கள். சாட்சியாக வேண்டிய கோப்பை வெட்டவோ பெயர் மாற்றவோ கூடாது. இங்கே கோப்புக்குள் ஒட்டியிருக்கும் இட, நேர விவரம் நமக்குத் தேவை, அதை நீக்கக் கூடாது. வெளியிடும் பிரதியில் மட்டும் நீக்க வேண்டும். காலையில் சொன்னதற்கு நேரெதிராக இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். மூலம் பூட்டி வைப்பதற்கு, பிரதி வெளியே போவதற்கு என்று விளக்குங்கள். மூலக்கோப்பின் ஹேஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும், அதன் கைரேகை போன்ற எண்) அன்றே கணக்கிட்டுக் குறித்து வைத்தால், பின்னாளில் கோப்பில் ஒரு துளி மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

சிக்னல் இல்லாத அரை மணி நேரம். அறிவிப்பு இல்லாமல் ஒருங்கிணைப்பாளர் எழுந்து "இணையமும் போன் சேவையும் துண்டிக்கப்பட்டுவிட்டன" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் ஏரோபிளேன் மோடுக்குப் போகட்டும். இப்போது ஒரு படத்தைக் கட்டடத்தின் மறுமுனையில் இருப்பவரிடம் சேர்க்க வேண்டும். புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்கிச் சிலர் ஆளுக்கு ஆளாகக் கடத்துவார்கள். மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு ஓடுபவரும் இருப்பார். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கடைசியில் கேளுங்கள்.

படி 7: மாலைக் காட்சி

செய்தவற்றைச் செய்தவர்களே காட்டட்டும், ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம். குரல் பதிவுகளை இருட்டில் கேட்கவைத்தால் கவனம் கூடும். பாராட்டுரை, நினைவுப்பரிசு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு படைப்பும் முடிந்ததும் அதில் இருப்பவர்களிடம் திரும்ப ஒரு முறை கேளுங்கள்: இது இந்த அறையைத் தாண்டிப் போகலாமா? 'வேண்டாம்' என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், காரணம் கேட்காதீர்கள்.

படி 8: மறுநாளும் அதற்குப் பிறகும்

கோப்புகளை இரண்டு பிரதியாக இரண்டு வேறு இடத்தில் வையுங்கள், ஒன்றாவது கடவுச்சொல்லால் பூட்டியதாக இருக்கட்டும். எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்ற பட்டியலைக் கோப்புகளோடு சேர்த்தே வையுங்கள். அவரவர் எடுத்தது ஒரு வாரத்துக்குள் அவரவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டன் போன்காரருக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுங்கள், கார்டு போடும் வசதி இல்லாத போன் என்றால் படத்தை அச்சிட்டுக் கொடுங்கள், குரலைப் போனில் அழைத்து ஒலிக்கவிட்டுக் கேட்கச் செய்யுங்கள்.

ஒரு மாதம் கழித்து எல்லோரையும் மீண்டும் அழைத்துப் பேசுங்கள். கூடலில் தொடங்கிய எதையாவது தொடர்கிறார்களா, படத்தால் யாருக்காவது தொந்தரவு வந்ததா, எந்தக் கோப்பையாவது அழிக்க விரும்புகிறார்களா என்று கேளுங்கள். அழிக்கச் சொன்னால் மடிக்கணினி, பென் டிரைவ், ஒருங்கிணைப்பாளர்களின் போன்கள், குப்பைத்தொட்டிக் கோப்புறை, தானாகச் சேமிக்கும் கிளவுட் கணக்கு என்று எல்லா இடத்திலும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.